ஆரஞ்சு அங்கி

மான் வேட்டை தொடங்கும் சனிக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. வைத்தால் மாப்பிள்ளையே வரமாட்டான். தேர்தல் வருஷமென்றால் வேட்பாளர்களும் துப்பாக்கியோடு வந்துவிடுவார்கள். வேட்டைக்காரர்களோடு நின்று படம் எடுத்துக்கொள்ளாதவருக்கு இந்த வடக்குக் காட்டில் ஓட்டு விழாது. அப்படித்தான் மாரிட் ஹால்வர்சனும் வந்தாள். மாநில அரசின் தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரல் பதவிக்கு நின்றவள். நல்ல பெண். அதைச் சொல்வதில் எனக்கொன்றும் சங்கடமில்லை.

அவள் கொடுத்த வாக்குறுதிதான் எனக்கு ஆகவில்லை. ஜெயித்தால், பழைய கொலை வழக்குகளில் சோதிக்காமல் கிடக்கும் தடயப் பெட்டிகளையெல்லாம் ஆய்வகத்துக்கு அனுப்புவாளாம். ஓட்டல் பணிப்பெண் டோரீனின் பெட்டியும் அதில் உண்டு. அந்த வழக்கை விசாரித்தவன் நான். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இதே நாற்காலியில்தான். டெல்பர்ட் என்ற குடிகாரன் கொன்றதாக அவனிடமே எழுதி வாங்கினேன். இன்னும் சிறையில்தான் இருக்கிறான். ஆள் தப்பென்று தெரிந்தால் அந்தச் சிறைக்கு நான் போகவேண்டும். உள்ளே வரும் போலீஸ்காரனை என்ன செய்வார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டிவியில் அவள் முகம் வந்தாலே அணைத்துவிடுவேன். வாசலில் கார் நின்றால் விளக்கை அணைத்துவிட்டுப் பின்கதவுப் பக்கம் போய் நிற்பேன். அப்படிப் பயந்து பார்த்தவருக்குத்தான் அது புரியும்.

ஆகவே நானே அவளை என் காட்டுக்கு அழைத்தேன். ஓய்வுபெற்ற போலீஸ்காரன் கூப்பிட்டால் எந்த வேட்பாளர் மறுப்பார்? அவளுடைய ஆட்கள் என் மர வீட்டில் பலகாரம் சுட்டுக்கொண்டு புகைப்படக்காரருக்காகக் காத்திருந்தார்கள். நான் அவளை மட்டும் கூட்டிப்போய், மான் தடத்தின் ஓரம் ஒரு புதருக்குப் பின்னால் உட்காரவைத்தேன்.

"இந்த ஆரஞ்சு அங்கியக் கழட்டி வெச்சுருங்க மேடம். பாத்தா மான் ஓடிரும். படம் எடுக்கறப்போ போட்டுக்கலாம்."

"போடணும்னு சட்டம் இருக்கே, ராய். அட்டர்னி ஜெனரலாகப் போறவளே சட்டத்த மீறவா?" என்று சிரித்தாள்.

"உக்காந்திருக்கறப்போ யாரும் போடறதில்லைங்க."

மானுக்கு ஆரஞ்சு நிறம் பிடிபடாது; மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படத்தான் அந்த அங்கி. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும். அவள் நகரத்துக்காரி, நம்பிவிட்டாள். குளிருகிறது என்றாள். என் வெள்ளை மஃப்ளரைக் கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றேன். வேட்டைக்குப் போகிறவன் இங்கே வெள்ளைக் கைக்குட்டைகூட வைத்துக்கொள்ளமாட்டான். மான் வாலைத் தூக்கி ஓடும்போது கண்ணில் படுவது வாலடியின் வெள்ளைதான்.

தடத்தின் மறுகோடியில் என் மைத்துனன் ஆர்னி இருந்தான். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். புதரில் வெள்ளை அசைந்தால் யோசிக்கமாட்டான், சுட்டுவிடுவான். சுட்டான்.

நான்தான் முதலில் ஓடினேன். மஃப்ளரை உருவிக்கொண்டு அங்கியை அவளுக்கு மாட்டிவிட்டேன். பொத்தான்களையும் போட்டேன். ஆர்னி மூச்சிரைக்க வந்து மண்டியிட்டான்.

"ஆரஞ்சு தெரிஞ்சிருந்தா சுட்டிருக்க மாட்டேன்டா, ராய். போட்டிருந்தாளா?"

"போட்டுத்தான்டா இருக்கா. உன் கண்ணுக்குத்தான் தெரியல."

அவன் சத்தமில்லாமல் அழுதான். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சிறைக்குள் அவனுக்கு எதிரிகள் கிடையாது, எனக்கு உண்டு. யோசித்தால் நீங்களும் அதை ஒத்துக்கொள்வீர்கள்.

தோட்டா அவள் நெஞ்சில் பாய்ந்திருந்தது. அங்கியில் ஓட்டை இல்லை. முப்பது வருஷம் தடயம் பார்த்தவன், பயத்தில் கோட்டை விட்டேன். நீங்கள் கவனித்தது சரி.

செவ்வாய்க்கிழமை ஜனங்கள் செத்துப்போனவளுக்கே ஓட்டுப் போட்டார்கள். ஓட்டுச் சீட்டில் அவள் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது, ஜெயித்தும்விட்டாள். அவள் இடத்துக்கு நியமிக்கப்பட்டவர் நேற்று பேசியதைக் கேட்டேன். முதல் வேலையே அந்தப் பெட்டிகள்தானாம்.

ஆர்னியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். எனக்குத் தனி அறை வேண்டும். மற்றவர்களோடு போடாதீர்கள், ஐயா, கெஞ்சிக் கேட்கிறேன். டோரீனின் பெட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பவும் தேவையில்லை. அவள் நகத்துக்குள் இருப்பது என் தோல். அன்றைக்கும் எனக்குப் பயம்தான், கத்திவிடுவாள் போலிருந்தது.