டாக்டர் விக்கர்ஸின் அழைப்பு

எனக்குத் தொலைபேசியில் பேச வராது. பீட்சா வேண்டுமென்றால்கூட நேரில் போய் வரிசையில் நிற்பேன். உயிரியல் பட்டத்தோடு இப்படிப்பட்டவளுக்கு அமெரிக்காவின் டொலீடோ நகரில் கிடைத்தது, மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் நாளெல்லாம் தொலைபேசி எடுக்கும் வேலை.

என்னுடையது முதுகுவலிப் பிரிவு. வலி குறைந்தால் இயன்முறைச் சிகிச்சை இனித் தேவையில்லை என்று பணத்தை நிறுத்துவோம். குறையாவிட்டால் பயனில்லை என்று நிறுத்துவோம். எழுத்தில்தானே சொல்கிறோம், எனக்குச் சங்கடமாக இருந்ததில்லை.

லோர்னா பெட்ரெக் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். வெந்நீர்க் குளத்தில் பயிற்சி செய்து, குனிந்து காலணி மாட்டும் அளவுக்குத் தேறியிருந்தாள். ஆகவே நிறுத்தினோம். அவளே அழைத்தாள்.

"ஏம்மா, தேறினாலும் நிறுத்துறீங்க, தேறலன்னாலும் நிறுத்துறீங்க. நான் பாதியிலேயே நின்னுக்கணுமா?"

"உங்க டாக்டர் எங்க டாக்டர்கிட்ட போன்ல பேசலாங்க. அது ஒண்ணுதான் வழி."

"பேசுவாரு. விக்கர்ஸ் தொண்டை உனக்குத் தெரியாது." சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அந்தத் தண்ணி இல்லன்னா மறுபடி வலி மாத்திரைதான், கண்ணு. ஒரு தடவை அந்தப் போதையில விழுந்து எந்திரிச்சவ நான். இன்னொரு தடவை எந்திரிக்க மாட்டேன்."

அந்தத் தொண்டை எனக்குத் தெரியும். முன்பொரு முறை அவர் பேசியது பக்கத்து மேசை கேயிலுக்குக்கூடக் கேட்டது. "அடியேய், போன் வழியா வந்து உன்னைக் கடிச்சிடவா போறாரு?" என்றாள்.

நாங்கள் கொடுக்கும் நேரத்துக்குள் மருத்துவர் அழைக்காவிட்டால் மறுப்பு உறுதியாகிவிடும். நோயாளிகள் நிறைந்திருக்கும் முற்பகலைத்தான் கொடுப்போம், பெரும்பாலோர் அழைப்பதில்லை. விக்கர்ஸ் அழைத்தார். எடுத்து எங்கள் மருத்துவருக்கு இணைப்பது என் வேலை. நான் அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். மணி நின்று, மறுபடி அடித்தது. ஒலியைக் குறைத்துவிட்டு, ஓடு ஒட்டாமல் முழுவதும் உரித்தேன். பிறகு 'மருத்துவர் அழைக்கவில்லை' என்று பதிந்தேன். மறுப்புக் கடிதத்தின் அடியில் 'விரைவில் குணமடைய வாழ்த்துகள்' என்று நானே சேர்த்தேன். விதிப்படி அது தேவையில்லை; எனக்குத்தான் மனம் கேட்கவில்லை.

மாத்திரைக்கு எங்கள் அனுமதி வேண்டியதில்லை. வசந்தம் வருவதற்குள் லோர்னாவைச் சமையலறை நாற்காலியில் அவள் தங்கை கண்டெடுத்தாள். உடல் குளிர்ந்திருந்ததாம்.

நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். அழைப்பு வந்தது. மணி அடித்தபோது லோர்னா சொன்னது எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருந்தது. எதையும் மறைக்கவில்லை.

ஆனால் நீங்களும் கொஞ்சம் நியாயமாக யோசிக்க வேண்டும். டாக்டர் விக்கர்ஸ் மட்டும் மெதுவாகப் பேசப் பழகியிருந்தால், லோர்னா இன்று பேருந்து ஓட்டிக்கொண்டிருப்பாள்.