தானாக உதிரும்வரை

பைன் பிசினைக் கொதிக்க விடக்கூடாது, ஐயா. கொதித்தால் கருகிவிடும், புண்ணில் ஒட்டாது. என் கணவர் தோக்தாரின் தொடையிலிருந்து வழிந்த ரத்தம் கம்பளத்தில் ஊறிக்கொண்டிருந்தபோதும், நான் சட்டியை ஏற்றி இறக்கிப் பதம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டுக்கொழுப்பும் சேர்த்தேன். அதுவரை நான் செய்ததெல்லாம் சரி.

பிசினுக்காக மரப்பட்டையைக் கீறும்போது கோடாலி வழுக்கிவிட்டது. அவர் அந்த வலியிலும் சிரித்தார். "வருஷம் பூரா மரத்தக் கீறினேன்ல. பதிலுக்கு அது ஒண்ணு போட்டுருச்சு."

"பேசாம படுங்க. மரத்துக்குப் பண்ற மாதிரி உங்களையும் பிசின் வச்சு மூடுறேன்," என்றேன்.

அந்த வாரம்தான் எங்கள் மகள் ஆல்மாவைக் குதிரையில் ஏற்றிக் கணவாய்க்கு அப்பால் கொண்டுபோவதாக இருந்தார். அவருடைய அண்ணன் காசிமுக்குப் பிள்ளை இல்லை. விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் நகரத்துக்காரர். எங்கள் அல்தாய் மலையில் தம்பி தன் பிள்ளையை அண்ணனுக்குக் கொடுப்பது வழக்கம்தான். கொடுப்பவனை ஊர் மெச்சும். பெற்றவள் வாய் திறந்தால், "அண்ணன் வீடு என்ன அசலூரா?" என்பார்கள். ஆல்மாவுக்கு முன் பிறந்தவை எதுவும் எனக்குத் தங்கவில்லை.

மறுநாள் தொடை சிவந்து வீங்கியது. தொட்டால் சுட்டது. சீழ் கோத்த புண்ணைப் பிசினால் மூடக்கூடாது, பிரித்துக் கழுவ வேண்டும். இது எனக்குத் தெரியும். நான் கழுவவில்லை. மேலே இன்னொரு பூச்சுப் பூசினேன். பனி விழுந்து கணவாய் அடைபடும்வரை அவர் படுத்திருந்தால் போதும். மற்றபடி அவரை நன்றாகவே கவனித்துக்கொண்டேன். கறிச்சாறு ஊட்டினேன், வியர்வையைத் துடைத்தேன்.

அந்த வருடம் பனி தாமதித்தது. விடிந்ததும் வாசலுக்கு ஓடி வானத்தைப் பார்ப்பேன். துடைத்துவிட்டதுபோல் இருக்கும். நான் தொழாத வேளை இல்லை.

மருத்துவ உதவியாளர் வருகிறார் என்று தெரிந்ததும் அடுப்பில் பிசின் கட்டிகளைப் போட்டுப் புகைத்தேன். நோயாளி இருக்கும் வீட்டில் எல்லோரும் செய்வதுதான். புண்ணின் நாற்றம் அதில் அமுங்கிவிட்டது.

"வீடே காடா மணக்குதே, தங்கச்சி," என்றபடி அவர் பிசின் கட்டைப் பிரிக்கக் கை வைத்தார்.

"பிசின் தானா உதிரணும்ணே. பாதியில பிரிச்சா புண்ணு வாய் தொறந்துக்கும். உங்க வீட்ல சொல்லித் தரலையா?"

அவரும் இந்த மலையில் பிறந்தவர். சிரித்துக்கொண்டே கையை எடுத்துவிட்டார். அவர்மேல் குற்றமில்லை.

சாகுமுன் கடைசியாக என் கணவர் என்ன பேசினார் என்றுதானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்? சொல்லிவிடுகிறேன். அப்போது அவருக்கு நினைவு தெளிவாகத்தான் இருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஆல்மாவக் குடுக்க வேணாம், அக்மரால். அண்ணங்கிட்ட நானே சொல்லிக்கறேன். அவ உங்கிட்டயே இருக்கட்டும். இதக் கொஞ்சம் பிரிச்சு விடு, உள்ள நெருப்பா எரியுது."

பொய் பேசத் தெரியாத மனிதர். ஆனால் எழுந்து நடமாடத் தொடங்கினால் ஆண்களுக்கு மனம் மாறிவிடும், ஐயா. சரி என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் அந்தக் கடைசிப் பூச்சைப் பூசினேன்.