பின்கட்டைக்குள் ஒரு சத்தம்

– இது மூணாவது ஸ்பிரிங், வெர்லா. இதுவும் பாடுது.

– துப்பாக்கி காலியா?

– காலிதான். நானே பாத்தேன்.

– நானும் பாத்துக்கறேன், கொடு. ம். காலி. எப்படிப் பாடுது?

– காலி எண்ணெய்ப் பீப்பாய்க்குள்ள கதவு ஸ்பிரிங்கை இழுத்துவிட்ட மாதிரி. ஒவ்வொரு குண்டுக்கும் டொய்ங்ங்னு. தோள்ல வெக்கற பின்கட்டைக்குள்ளேருந்து நேரா மண்டைக்குள்ள ஏறுது. மான் வேட்டை சீசன் வரப்போகுது, இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?

– மான் ஓடிடும்னு பயமா? குண்டுச் சத்தத்துக்கு ஓடாததா ஸ்பிரிங் சத்தத்துக்கு ஓடப்போகுது?

– சிரி. உன் கடை, உன் வாய்.

– குண்டேத்தற பிடியை இழுத்து விடறேன், இரு. இதுவா?

– எது?

– இப்ப வந்துதே, அது.

– சும்மா கையில பிடிச்சு இழுத்தா என்ன தெரியும்? தோள்ல வெச்சு இழுக்கணும். கேளு, நான் சொல்றதைக் கேளு, இது சாதாரணச் சத்தம் இல்ல.

– எனக்கு சாதாரணமாத்தான் படுது, ஆரின். குழாய்க்குள்ள இவ்வளவு நீளச் சுருள் போய்ட்டு வந்தா கொஞ்சம் உரசும். இதுவரைக்கும் என்னென்ன பண்ணினே?

– மருமகன் பழசைக் கழட்டிட்டுப் புதுசு போட்டான். அதுவும் பாடுச்சு. அப்புறம் பட்டைக்கம்பியில சுத்தினது ஒண்ணு வாங்கிட்டு வந்தான், இது மூச்சே விடாதுன்னான். இதோ, அதுதான் உள்ள இருக்கு. எண்ணெய் விட்டேன், துடைச்சேன், மறுபடி விட்டேன். மாக்சின் திட்டறா. 'துப்பாக்கி முனகினா ஓடற, நான் சாப்பிட வான்னா மட்டும் மரம் மாதிரி உக்காந்திருக்க'ன்னு.

– பதில் சொல்றதுதானே.

– எந்தப் புருஷன் சொல்றான்? உனக்குக் கேரமல் ரோல் சுட்டுக் கொடுத்துவிட்டிருக்கா. மேஜைமேல வெச்சேன்.

– பாத்தேன். இந்தத் துப்பாக்கி உங்கிட்ட ரொம்ப நாளா இருக்கே. முன்னாடி பாடலையா?

– இல்லவே இல்ல. இந்த வசந்தத்துலேருந்துதான். இன்னொரு கூத்து கேளு. பக்கத்து வீட்டு ஹாலிஸ் துப்பாக்கியை வாங்கிச் சுட்டுப் பாத்தேன். அதுவும் பாடுது!

– ஹாலிஸுக்கு அது கேக்குதா?

– இல்லையாம். டிராக்டர்மேலயே பொறந்து வளந்தவன், அவன் காதை எவன் நம்புவான்?

– சரி சரி. உள்ள கெட்டியான கிரீஸ் தடவிப் பாக்கலாம். பின்னாடி அலமாரியில டப்பா இருக்கு, எடுக்கறேன்... ஆரின், மருமகன் குழாயை உள்ள துடைச்சானா?

– ஆரின்?

– ஆரின், குழாயைத் துடைச்சானான்னு கேட்டேன்.

– என்ன அப்படித் திரும்பிப் பாக்கற? டப்பா கிடைச்சுதா?

– கிடைச்சுது.

– அப்ப தடவு.

– தடவறேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பி நில்லு. சத்தம் கேட்டா கையைத் தூக்கு.

– எதுக்கு?

– என் கையையே பாத்துக்கிட்டிருந்தா எனக்கு வேலை ஓடாது. தெருவைப் பாரு.

– உன் கடை. ம்... ஹாலிஸ் இன்னும் வண்டியைக் கழுவல. பீட்ரூட் வயல்ல பாதி அவன் சக்கரத்துலதான் இருக்கு.

– ஆரின்.

– கழுவமாட்டான். பனி விழுந்து அதுவா கழுவணும்.

– ஆரின், கடையில தீப்பிடிச்சிடுச்சு.

– அவன் அப்பனும் இப்படித்தான். அட, எதுக்கு முதுகைத் தொடற? முடிஞ்சுதா? நான் கையே தூக்கல, பாத்தியா! சுத்தமா நின்னுபோச்சு. கெட்டிக்காரி, வெர்லா. இதை மொதல்லயே உங்கிட்ட கொண்டுவந்திருக்கணும்.

– இப்ப தோள்ல வெய்யி. தாடையைக் கட்டையில நல்லா அழுத்து. இழு.

– ...அட. இன்னும் பாடுதே.

– பாடும். நான் இன்னும் டப்பா மூடியையே திறக்கல.

– அப்ப நான் ஜன்னல்கிட்ட நின்னப்போ?

– பிடியை இழுத்து இழுத்து விட்டேன், உன் முதுகுக்குப் பின்னாலயே நின்னு. கடையில தீப்பிடிச்சிடுச்சுன்னும் சொன்னேன்.

– என்கிட்டயா?

– உங்கிட்டதான். அந்தச் சத்தம் உன் காதுக்கு வரல, ஆரின். தாடை எலும்பு வழியா ஏறுது. எல்லாருக்கும் ஏறும். வெடிச்சத்தம் அதை முழுங்கிடறதால எங்களுக்குத் தெரியறதில்ல. உனக்கு இப்ப முழுங்கறதுக்கு வெடிச்சத்தமே காதுல விழல.

– ஸ்பிரிங்கைப் பாருன்னா காதைப் பாக்கறியா?

– ஸ்பிரிங்ல ஒண்ணும் இல்ல.

– வயசானா கொஞ்சம் மந்தமாகும். இந்த ஊர்ல யாருக்கு ஆகல? உன் முகத்தைப் பாத்தா நீ பேசறதெல்லாம் புரியுதே. இப்ப புரியலையா?

– முகம் தெரியறப்போ புரியுது. சனிக்கிழமை ஊரே துப்பாக்கியோட சுடற மைதானத்துக்கு வரும், சீசனுக்கு முன்னாடி குறி சரிபாக்க. கொடியை ஹாலிஸ்கிட்ட கொடுத்திடு.

– எந்தக் கொடியை?

– உன் கொடியை. எப்ப சுடலாம், எப்ப நிறுத்தணும்னு இந்தத் தடவை அவன் சொல்லட்டும்.

– அவனா! காலைல எந்தச் செருப்பு எந்தக் காலுக்குன்னு அவன் பொண்டாட்டிதான் சொல்லணும்.

– அவனுக்குக் காது கேக்குது.

– மைதானத்துல குண்டைத் தடுக்கற அந்த மண்மேட்டை என் டிராக்டரை வெச்சுக் கொட்டினேன். பண்ணையை வித்தாச்சு, டிராக்டரும் போச்சு. சனிக்கிழமை அந்தக் கொடியைப் பிடிச்சு நிக்கறப்போதான் இந்த ஊர் நான் சொல்றபடி ஒரு நிமிஷம் நிக்குது. அதையும் பிடுங்கணுமா உனக்கு?

– பிடுங்கல. கேக்கறேன்.

– முடியாது. என் கொடிக்குக் கீழ ஒருத்தனுக்கு ஒரு கீறல் விழுந்திருக்கா? சொல்லு. விழுந்ததில்ல. ஏன்னு தெரியுமா? நான் ஏனோதானோன்னு பச்சைக் கொடி ஏத்தறவன் இல்ல. 'முன்னால யாராவது இருக்கீங்களா'ன்னு மூணு தடவை கத்துவேன். ஒவ்வொரு தடவையும் நின்னு பதிலுக்குக் காத்திருப்பேன். ஒரு சத்தமும் வரலைன்னாதான் பச்சை.

– தெரியும்.

– தெரிஞ்சுமா சொல்ற? போன ஞாயித்துக்கிழமை நீயும் நானும் மட்டும்தான் அங்க இருந்தோம். நீ குறிப்பலகையில காகிதத்தை ஒட்டிட்டுக் காப்பி எடுக்க வண்டிக்குப் போயிட்டே. மைதானத்துல ஈ காக்கா இல்ல. அப்பவும் கேட்டேனா இல்லையா? மூணு தடவை கேட்டுட்டுத்தானே சுட்டேன்?

– நான் வண்டிக்குப் போகல.

– என்ன?

– காகிதம் காத்துல பிச்சுக்கிட்டுப் போச்சு. அதைப் பிடிக்கப் பலகைக்குப் பின்னால பள்ளத்துல இறங்கினேன்.

– எப்ப?

– நீ கேக்கறப்போ அங்கதான் இருந்தேன். நீ சுட்டு முடிக்கற வரைக்கும் முகத்தை மண்ணுல வெச்சுப் படுத்திருந்தேன். காத்து என் குரலை அடிச்சுட்டுப் போயிடுச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இன்னைக்கு நீ இந்தக் கதவைத் தள்ளிக்கிட்டு வர்ற வரைக்கும் அப்படித்தான் நினைச்சிருந்தேன்.

– இருக்காது. நான் கேட்டேன், வெர்லா. நீ அங்க இருந்திருந்தா பதில் சொல்லியிருப்பே.

– சொன்னேன், ஆரின். மூணு தடவையும் சொன்னேன்.