பன்னெண்டு கணு

பதிவாகுதா? ஆகட்டும்மா, அதுக்கென்ன. போன எடுத்ததுமே ஒரு குரல் சொல்லுச்சு, தரத்துக்காக இந்தப் பேச்சப் பதிவு பண்றோம்னு. கேட்டேன். புது டிசைன் எப்படி இருக்குன்னுதான கேட்டீக? சொல்றேன். எம்பேரு அருணாதேவி. இசைக்குறிப்பு எழுதுற உங்க சாப்ட்வேர நாலு வருசமா வச்சிருக்கேன். இல்லம்மா, ஸ்கூல் இல்ல. முன்ன திருத்தங்கல்ல கீபோர்டு டீச்சரா இருந்தேன். இப்ப வெடி கம்பெனி, எம். புதுப்பட்டிப் பக்கம்.

சிரிக்கிறீக. எல்லாரும் சிரிப்பாக, வெடிக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்னு. பாட்டு ஓட ஓட அந்தத் தாளத்துக்கு வாணம் மேல போயி வெடிக்கணும். வடக்க கல்யாணத்துக்கெல்லாம் இப்ப அதத்தான் கேக்குறாக. ஒங்க சாப்ட்வேர்ல மேல் வரில பாட்டு எழுதுவேன், கீழ் வரில வெடி. கீழ ஒரு புள்ளி வச்சா ஒரு வாணம். கம்ப்யூட்டரே ஒயர் வழியாப் பத்த வச்சிரும்.

சரி, டிசைனுக்கு வாரேன். பாக்க அம்சமாத்தான் இருக்கு. பழசு சந்தக்கடையாட்டம் கெடக்கும், அம்புட்டுப் பட்டன். இப்ப துடைச்சு வச்சாப்புல இருக்கு. ஆனா ஒண்ணு, தப்பா நெனைக்காதீக. புழங்குற வீட்டுல அஞ்சறப்பெட்டிய எடம் மாத்தி வச்சா கை பழைய எடத்துக்குத்தான போகும்? பிரிண்டு பட்டன் வலது மூலைல இருந்துச்சு. நாலு வருசம் பாக்காமலே அமுக்குவேன். இப்ப அங்கன ஒரு கத்தரிக்கோல் படம். அது வெத்துக் கட்டத்த வெட்டுறதாம். கர்சர் நிக்கிற வரில புள்ளி இல்லாத கட்டம் எத்தன இருக்கோ, அத்தனையும் ஒரே அமுக்குல போயிரும். எனக்கு நாலு போச்சு.

ஆமா, கீழ ஒரு ஓரத்துல சொல்லுச்சு. நாலு கட்டம் நீக்கப்பட்டதுன்னு ஒரு வரி வந்துச்சு, மூணு எண்ணுறதுக்குள்ள மறைஞ்சு போச்சு. பாத்தேம்மா. பாக்கலன்னு ஒங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன். சும்மா கெடந்த கட்டந்தான, பெறகு சரி பண்ணிக்கிடலாம்னு விட்டேன். விருதுநகருக்கு ரயில்ல வியாபாரிக வந்து எறங்கிட்டாகன்னு ஒரே பரபரப்பு. மறந்தே போனேன்.

இல்ல, சும்மா கெடந்த கட்டமில்ல. அதச் சொல்லத்தான் வாரேன்.

மொக்கைச்சாமி அண்ணேன்னு ஒருத்தர் எங்க கம்பெனில. மொத அடுக்கு வாணம் வெடிச்சு முடிஞ்சதும் பாட்டும் நிக்கும், வெடியும் நிக்கும். சுருதிப்பெட்டி மட்டும் இரைஞ்சுக்கிட்டு இருக்கும். அந்த நேரத்துல அவரு உள்ள போயி, ரெண்டாவது அடுக்கு வாணக் குழாய் மேல பொறி விழாமப் போத்தியிருக்குற தார்ப்பாய உருவிக்கிட்டு வெளிய ஓடியாரணும். அதுக்குத்தான் நான் பன்னெண்டு வெத்துக் கட்டம் விட்டிருந்தேன். அவருக்கு நோட்டெல்லாம் வாசிக்கத் தெரியாது. கைதான் கணக்கு. நாலு விரலு, விரலுக்கு மூணு கணு, ஆகப் பன்னெண்டு. பெருவிரலால ஒவ்வொரு கணுவாத் தொட்டுக்கிட்டே போவாரு. கடைசிக் கணுவுல வெளிய நிப்பாரு. ரெண்டு சீசன், ஒரு தடவ பிசகுனதில்ல.

அன்னைக்கு மத்தியானம் வந்து வாசப்படில நின்னாரு. தாயி, எல்லாம் புதுசா மாத்திட்டாகளாமே, எங்கணக்கு அப்படியே இருக்கான்னு கேட்டாரு. அப்படியேதாண்ணே இருக்குன்னேன். திரும்பிக்கூடப் பாக்கல. கத்தரிக்கோல் நெனப்பே வரல எனக்கு.

போன வெள்ளிக்கெழம, பொழுது சாயவும் ஒத்திகை. வரிக்கு நாலு வெத்துக் கட்டமா மூணு வரி ஓட வேண்டிய எடத்துல ரெண்டு வரிதான் இருக்கு. கண்ணு பாத்துருச்சு. நிறுத்துற பட்டனுக்குக் கை போச்சு. அதயும் எடம் மாத்தி வச்சிருக்கீகளே தாயி. நான் தேடிக்கிட்டு இருக்கைலயே கீழ் வரிப் புள்ளி மினுங்கிருச்சு. எட்டு கட்டந்தான் ஆகியிருக்கு. அண்ணேன் குழாய்க்கு நடுவுல நிக்குறாரு, கைல தார்ப்பாய். மூணாவது விரலு முடிஞ்சிருக்காது.

அழுகாதீகம்மா. ஒங்க பேரு என்ன சொன்னீக, பிரீத்திகாவா? நீங்க என்ன செய்வீக. வச்சிராதீக, இன்னும் கொஞ்சந்தான்.

குடிச்சுட்டு உள்ள போயி செத்துட்டான்னு எழுதிட்டாக. எங்க முதலாளி காசிராஜன் சொல்ல, மேனேஜர் மகேஷ்குமார் எழுதுனாரு. இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டு வெரதம் இருந்த மனுசன் அவரு. அன்னைக்கு டீ குடுத்தாக்கூட வேண்டாம்னாரு. சாட்சின்னு எங்கிட்டக் கையெழுத்துக் கேட்டாக. போட்டுட்டேன். ஆமா, போட்டுட்டேன். எம்மக ஹர்ஷினி படிக்குறது முதலாளி ஸ்கூல்லதான். அது கூட சாக்குதாம்மா. பயந்துட்டேன், அம்புட்டுத்தான். அவரு பொஞ்சாதி கருப்பம்மாள் மூணு நாளா கேட்டுக்கு வெளிய உக்காந்திருக்கா. எம்புருசன் குடிக்க மாட்டாருன்னு போறவாறவுககிட்டயெல்லாம் சொல்றா. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டே உள்ள வாரேன்.

ஒங்க புது டிசைன்ல எனக்குப் பிடிச்சது ஒண்ணு இருக்கு. வலப்பக்கம் ஒரு பட்டியல் வருதுல்ல, எந்த நாளு, எத்தன மணிக்கு, என்ன மாத்துனோம்னு? இப்ப எங்கண்ணு முன்னால இருக்கு. வெள்ளிக்கெழம, பதினொண்ணு இருவது, நாலு கட்டம் நீக்கம், அருணாதேவி. போட்டோ எடுக்கலாம்னா செல்போன கேட்டுலயே வாங்கி வச்சிருவாக, வெடி கம்பெனில அதான் சட்டம். இது ஆபீசு போனு. நாலு மணிக்கு மேனேஜர் இந்தக் கம்ப்யூட்டரத் தூக்கிட்டுப் போயிருவாரு. புதுசு வாங்கித் தாராகளாம். அந்தா, பக்கத்து ரூம்ல செருப்புச் சத்தம் கேக்குது.

அதான் நீங்க எப்படியிருக்குன்னு கேக்கவும் விடாமப் பேசுறேன். பதிவாகுதுல்ல? எம்புட்டு நாளைக்கு வச்சிருப்பீக? ஆறு மாசமா. போதும். யாரு அழிக்கச் சொன்னாலும் அழிச்சுராதீக. கருப்பம்மாள் கேட்டு வந்தான்னா குடுங்க. நானே வந்து குடுக்க வேண்டாம்னு சொன்னாலும் அவளுக்குத்தான் குடுக்கணும். இந்தப் பேச்சுக்கு ஒரு நம்பர் இருக்குன்னீகளே, அதச் சொல்லுங்க. பேப்பர்ல எழுத முடியாது, வெளிய போறப்பப் பையச் சோதிப்பாக. உள்ளங்கைல எழுதிக்கிறேன். ம், பேனா எடுத்துட்டேன். ஒவ்வொண்ணாச் சொல்லுங்கம்மா, மெதுவா.