அரசனைச் சாக விடாத குத்துவிளக்கு

மன்றத்தின் மகுடமாய், மாலையின் பாரத்தால் கழுத்தை நிமிர்த்த முடியாமல் அமர்ந்திருக்கும் தலைவர் கனகசபாபதி அவர்களே! வெள்ளவத்தையின் வெயிலுக்கும் வேர்வைக்கும் அஞ்சாது வந்திருக்கும் சான்றோர்களே! பிள்ளையின் நடிப்பைப் படம்பிடிக்கப் போய், முன்னாலிருப்பவரின் முதுகைப் படம்பிடித்த தாய்மார்களே! சற்று முன்னர் செத்து, இப்போது ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டிருக்கும் அரசே! அனைவருக்கும் இலக்கிய ஆசிரியன் நமசிவாயத்தின் வணக்கம்!

சென்ற வாரம் தலைவர் என்னைக் கேட்டார்: "மாஸ்டர், படிமம், கருப்பொருள் எண்டு படிப்பிக்கிறியள். இதால பிள்ளையளுக்கு என்ன பிரயோசனம்? வாற மாசம் அந்த வகுப்பை நிப்பாட்டிப்போட்டுக் கணக்கியல் வைப்பம்." நிப்பாட்டுவதா! என் வகுப்புப் பிள்ளைகளின் நாடகத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்று மன்றாடினேன்.

நாடகத்தின் கதை என்ன? பட்டினி கிடக்கும் மக்களின் முகத்தைப் பார்க்கச் சகியாத அரசன், நாட்டு விளக்குகளையெல்லாம் அணைப்பிக்கிறான். கடைசியில் தன் மாளிகை விளக்கையும் ஊதி, அந்த இருளிலேயே படி தவறி விழுந்து மடிகிறான். விளக்கு வெறும் விளக்கா? அது அறிவு! அது அறம்! அது அரசனின் கண்! தவணை முழுக்கத் தொண்டை வறள இதைப் படிப்பித்த நான், நாடக விளக்கைக் கொண்டுவர மறந்தேன்!

ஆகவே, தலைவர் தம் திருக்கரத்தால் ஏற்றிய மங்கல விளக்கையே மேடை நடுவே நகர்த்தினோம். அரசனாக நடித்த ஷிஹாரா மீசை துடிக்க ஊதினாள். அணைந்தது. அடுத்த கணம் பொருளாளர் நேசமலர் அம்மையார் தீப்பெட்டியோடு மேடையேறி ஏற்றிவிட்டார்! மறுபடி ஊதினாள். மறுபடி ஏற்றினார்!

"இது மங்கல விளக்கு, பிள்ளை! விழா முடியமுதல் நூரக்கூடாது."

"அன்ரி, இது நூந்தாத்தான் நான் மௌத்தாக ஏலும்!"

"அது எரியட்டும், நீர் பக்கத்தில விழுந்து சாகுமன்!"

சிரிக்கிறீர்களா? நான் திரைக்குப் பின்னால் அழுதுகொண்டு நின்றேன்! என் வகுப்பு அல்லவா அணையப் போகிறது?

என்ன, பின்வரிசையில்? வடை ஆறுகிறதா? ஆறட்டும் ஐயா! அரசனே அவசரமில்லாமல் ஆறுதலாகத்தான் செத்தான்!

அப்போது எழுந்தார் தலைவர்! மாலை நழுவ, மைக்கும் வேண்டாது முழங்கினார்: "நேசமலர், விடும் அதை! வெளிச்சம் இருந்தா அவன் விழமாட்டான்! தான் உண்டாக்கின இருட்டிலதான் அவன் விழவேணும்!"

விளக்கு அணைந்தது. மீசை விழுந்தது. பிறகு அரசனும் விழுந்தான்.

தலைவரே! படிமம் எது? சொன்னீர்கள்! கருப்பொருள் எது? சொன்னீர்கள்! பிரயோசனம் என்ன என்று கேட்ட வாயே பதிலையும் சொன்ன பிறகு, வகுப்பை நிறுத்துவீர்களா? தலையை ஆட்டுகிறார்! எப்படி ஆட்டுகிறார்? மேலும் கீழும்! தாய்மார்களே, படம்பிடியுங்கள், சாட்சி வேண்டும்!

அரசன் செத்த கையோடு விளக்கை மீண்டும் ஏற்றிய நேசமலர் அம்மையாருக்கு நன்றி. இனி அதை யாரும் ஊதவேண்டாம். செவ்வாய்க்கிழமை இலக்கிய வகுப்பு உண்டு. தலைவருக்கு முன்வாங்கில் இடம் வைத்திருக்கிறேன். வணக்கம்!