தூக்க ஆள் உண்டு

— சார், போனை வச்சிராதிய! டீ பிரேக்குல லாக்கர்ல இருந்து எடுத்துட்டு ஓடி வந்திருக்கேன். சுனாமி ஆபத்துக் கணக்கெடுக்க எங்க தெருவுக்கு வந்த சண்முகசுந்தரம் சார்தான நீங்க? எங்கப்பா பேருக்கு நேரா என்ன எழுதியிருக்கிய?

— இருங்கம்மா, வாசிக்கிறேன். மாசானம், வயது அறுபத்தொன்று, பக்கவாதம், நடக்க இயலாது. தூக்கிச் செல்பவர் மகள் இசக்கிசெல்வி, வயது இருபத்து நாலு, வீட்டில் வசிக்கிறார்.

— வீட்டுலயா? நான்தான் சார் அந்த இசக்கிசெல்வி! ஊரை விட்டு வந்து வல்லம் வடகால் கம்பெனில தொப்பி மாட்டிக்கிட்டு நிக்கேன். எவரு சொன்னா இப்படி?

— உங்கம்மா கோமதியம்மாள்தான். ரேஷன் கார்டையும் எடுத்துக் காட்டினாங்களே.

— அடப்பாவமே! கார்டுல பேரை வெட்டிருவாவளோன்னு அவளுக்குப் பயம். சர்க்கார் பேப்பரோட எவரு வந்தாலும் மக உள்ள சமைக்கான்னுதான் சொல்லுவா.

— எனக்கு எப்படிம்மா தெரியும்?

— ஒங்க மேல தப்பு இல்ல. உள்ளதைச் சொல்லுங்க, தண்ணி வருமா?

— உங்க தெரு வரைக்கும் ஏற, அடுத்த அம்பது வருஷத்துல பத்துக்கு ஒரு வாய்ப்பு. எச்சரிக்கை வந்ததுல இருந்து ஒன்றரை மணி நேரம் கையில இருக்கும். எல்லா வீட்டுலயும் தூக்க ஆள் உண்டுன்னு வந்ததால, உங்க தெருவுக்கு வண்டி போடலை.

— எனக்குப் பஸ்ஸே பன்னெண்டு மணி நேரம் சார்! அம்மாவுக்கு முட்டுவலி, கட்டிலை விட்டு எந்திரிக்கவே சுவரைப் பிடிப்பா.

— இன்னா செல்வி, பெல் அடிச்சி எவ்ளோ நேரம் ஆவுது? உன்னால லைனே நின்னுகினு கீது.

— வெங்கடேசன் அண்ணே, ஒரே ஒரு வாரம் லீவு தாங்கண்ணே. அப்பாவை வேற எங்கயாச்சும் கொண்டு வச்சிட்டு ஓடி வந்திருதேன்.

— ஏரிய தொறந்துவுட்டு ஊரே வெள்ளத்துல முழுகின வருசம் எங்கம்மாவ நான்தான் முதுவுல தூக்கினு போனேன். எனுக்குத் தெரியாதா உன் கஷ்டம்? ஆனா சூப்பர்வைசர் நானு, லீவு என் கையில இல்ல. நீ போனா நாளைக்கே உன் எடத்துல வேற பொண்ணு நின்னுகினு இருக்கும். போன லாக்கர்ல வெச்சிட்டு சீக்கிரம் வா.

— சார், கேட்டியளா? போகவும் முடியல, இங்க நிக்கவும் முடியல.

— அழாதீங்கம்மா. உங்க பேரை அடிச்சிட்டுப் பக்கத்து வீட்டு ஆள் யாரையாவது போட்டுடறேன். மாரிசெல்வம்னு ஒருத்தர், இருபத்தாறு வயசு.

— அவன் எனக்கு எதுத்த லைன்ல ஸ்க்ரூ முடுக்கிட்டு நிக்கான்.

— சரி, சுகப்பிரியா?

— ஹாஸ்டல்ல எனக்கு அடுத்த கட்டில்.

— இசக்கிதுரை? நல்ல உடம்புன்னு போட்டிருக்கு.

— இங்கன பக்கத்துல தண்டலத்துல ரூம் எடுத்திருக்கான். அவன் அம்மாவும் அதே பொய்யைத்தான் சொல்லியிருக்கா.

— ஏம்மா, அப்ப அந்தத் தெருவுல இப்ப யாருதான் இருக்காங்க?

— எவராச்சும் தூக்கிட்டுப் போகணும்னு நீங்க எழுதி வச்சிருக்க ஆளுவ மட்டுந்தான் சார்.