சத்தம் போடாத மிஷின்

— நோயெல்லாம் இல்ல தங்கச்சி. ஒண்ணை எடுத்துக் கையில வெச்சே பாத்துட்டேன். செவுள் நல்லா செவப்பா கீது, ஒடம்புல ஒரு வெள்ளைப் புள்ளி கெடையாது. தண்ணிதான் கெட்டுப் போச்சு. ஸ்தோத்திரம்னு சொல்லிட்டு நிம்மதியா இருங்க.

— அப்பாடா. மிச்சம் இருக்கறதும் போயிடும்னு பயந்துட்டேன் யாக்கோபண்ணே. காலைல ரெண்டு மல்லாந்து மெதந்துது. வூட்டுக்காரரு எழுந்துக்கறதுக்கு முன்ன எடுத்து முருங்கை மரத்தடியில பொதைச்சுட்டேன்.

— அவருக்குத் தெரியாதா?

— எண்ணிப் பாத்தாத்தானே தெரியும். அதுங்க ஒரு எடத்துல நிக்குதா எண்றதுக்கு?

— பூந்தமல்லியில பெரிய பெரிய டாக்டருங்க வூட்டுக்கெல்லாம் தொட்டி வெச்சுக் குடுத்துகீறேன். எல்லாம் மூணடிதான். இது ஆறடி இருக்கும் போல கீதே! யாரு செஞ்சது?

— அவரேதான். கண்ணாடிய அளந்து, வெட்டி, ஒட்டினது எல்லாம் அவரு. ஸ்டாண்டை மட்டும் கூட வேலை செய்யற ஆளுங்க ஷிஃப்டு முடிஞ்சு வந்து வெல்டிங் அடிச்சுக் குடுத்துட்டுப் போனாங்க. நாள் பூரா ஒக்காந்துக்கினு சுவத்தையே மொறைக்கறதுக்கு இதையாவது பாக்கட்டும்னு நானும் வுட்டுட்டேன்.

— ஏன், வேலைக்குப் போறது இல்லியா?

— காது கேக்கல அண்ணே. ரெண்டு காதும்.

— அடடா. மே மாசம் குண்டு வெடிச்ச அன்னிக்கு மைதானத்துக்குப் போயிருந்தாரா?

— பாத்தீங்களா, நீங்களும் அதையேதான் கேக்கறீங்க! இந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர்ல எவனுக்குக் காது போனாலும் மைதானத்துலதான் போச்சுன்னு ஊரே முடிவு பண்ணிடுது. போலீஸ்காரங்க ரெண்டு பேரு வூடு தேடி வந்துட்டாங்க. கூட்டத்துல எங்க நின்ன, யாரைப் பாத்தன்னு இவரைக் கேட்டா, இவரு ஆங், ஆங்னு காதைத் தடவறாரு. கத்திக் கத்தி அவங்களுக்குத் தொண்டை கட்டிக்கினு, மோர் வாங்கிக் குடிச்சிட்டுப் போனாங்க.

— ஐயோ பாவம். அப்ப எங்க ஆச்சு?

— கம்பெனியில. தகடு அடிக்கற பிரஸ் ஷாப்புல. அதுக்கு அடுத்த மாசம். காத்து அடைக்கற டேங்க் இவரு பக்கத்துல வெடிச்சுது. நைட் ஷிஃப்டு ஆளு ஒருத்தரு சைக்கிள்ல வந்து சொன்னப்ப, பொணத்தைத்தான் வாங்கப் போறோம்னு நெனச்சுக்கினு ஓடினேன். போயிப் பாத்தா பெஞ்சுல ஒக்காந்துக்கினு டீ குடிச்சுக்கினு இருக்காரு. ஒரு வெரலு போகல, ஒரு பல்லு போகல. நான் அழுத அழுகையெல்லாம் சந்தோஷத்துலதான். மறுநாள் குக்கர் விசில் அடிச்சுக்கினே இருக்கு, இவரு அது பக்கத்துலயே நின்னுக்கினு பேப்பர் படிக்கறாரு. அப்பதான் தெரிஞ்சுது எனக்கு.

— டாக்டரு இன்னா சொன்னாரு?

— ஜவ்வு கிழிஞ்சிருக்கு, உள்ள நரம்பும் அதிர்ந்து போயிருக்கு. தானா வந்தா வரும், நம்ம கையில இல்லன்னாரு. வர்ற திங்கக்கிழமை மெட்ராஸுக்குக் கூட்டிக்கினு போவணும். அன்னிக்கும் இதே மாதிரின்னா, இனிமே அவ்ளோதான்னு எழுதிக் குடுத்துடுவாங்க. பிரஸ் ஷாப்புல சேத்துக்க மாட்டாங்க. தள்ளிப் போன்னு கத்தினா கேக்காத ஆளை எந்த மிஷின்கிட்ட நிறுத்துவாங்க, சொல்லுங்க.

— ஏய் கனகம்! யாரு, மீன்காரரா? வாங்க மீன்காரரே! வாங்க!

— யப்பா! இன்னா கொரலு தங்கச்சி! தொட்டியே ஆடிப் போச்சு.

— தன் கொரலு தனக்குக் கேக்கலையே, அதான். தெருவுக்கே கேக்கும். நீங்க பதிலுக்குக் கத்தாதீங்க, ஒண்ணும் பிரயோசனம் இல்ல. வாயை மெதுவா அசைங்க, கையால காட்டுங்க.

— கனகம், அவரை ஒண்ணே ஒண்ணு கேளு. தண்ணி ஏன் கலங்கிக்கினே கீது? ஏரித் தண்ணி ஊத்தினேன். போர் தண்ணி ஊத்தினேன். பாதிப் பாதியா எறைச்சு எறைச்சு மாத்தறேன். மறுநாளே கஞ்சித் தண்ணியாட்டம் ஆயிடுது, தெரிதா?

— எறைக்கறதே தப்பு. மீனு திங்கறதும் அதுலதான், பேள்றதும் அதுலதான். தண்ணி ஓடிக்கினே இருக்கணும், ஓட ஓட வடியணும். அதுக்குத்தான் மிஷின். தங்கச்சி, இதை நீயே அவருக்குக் காட்டிடும்மா.

— இன்னாத்தைக் காட்டறது... இதோ பாருய்யா. மீனு. இப்படி வாயைத் தொறந்து திங்குதா? தின்னுட்டு... பின்னால...

— ஹாஹ்ஹா! பேள்ற கதையா? அதுக்கு ஏண்டி நடு வூட்ல குந்திக் காட்டற? வெளியாளு நிக்கறாரு!

— சிரிக்கறதைப் பாருங்க. எல்லாம் என் தலையெழுத்து.

— சிரிக்கட்டும் தங்கச்சி, நல்லதுதான். சரி, மூணு தினுசு எடுத்துக்கினு வந்துகீறேன். இது பஞ்சு. சின்னத் தொட்டிக்குக் கண்ண மூடிக்கினு போடலாம், உங்க தொட்டிக்குப் பத்தாது, சொல்லிட்டேன். இது அடித் தட்டு. ஓட்டை ஓட்டையா கீது பாருங்க, இதை அடியில போட்டு மேல கூழாங்கல்லு பரப்பணும். காத்து மிஷின் ஒண்ணு வெளிய ஓடும். அது ஊத ஊத, தண்ணி கல்லு வழியா எறங்கி, அழுக்கெல்லாம் அடியில தங்கிடும். மூணாவது, மேல வெக்கற பொட்டி. மோட்டார் தண்ணிய மேல ஏத்தும், பொட்டிக்குள்ள பஞ்சு, கரி எல்லாம் தாண்டி மறுபடியும் கீழ ஊத்தும்.

— இதுல எது சத்தம் போடாது?

— எது நல்லா வடிகட்டும்னு கேளுங்க தங்கச்சி.

— அது உங்களுக்கே தெரியும். சத்தம் போடாதது எது?

— பொட்டி தேவலை. ஆனா சாயந்தரத்துல இங்க கரண்ட்டு எப்படி? கம்பெனிங்க எல்லாம் இழுத்துக்கினா உங்களுக்கு பல்பே மினுக்கு மினுக்குங்குமே. அப்ப பொட்டி மோட்டாரு தண்ணிய ஏத்தாது, திணறும். காத்து மிஷினுக்கு அந்தத் தொல்லை இல்ல. இந்தத் தொட்டிக்கு நான் தட்டுதான் சொல்வேன். முதல்ல பொட்டியைப் போட்டுக் காட்டறேன். அந்தச் சுவிச்சைத் தட்டுங்க... ஆங், ஓடுது பாருங்க. சத்தமே இல்ல.

— நல்லாகீது. ஆனா மீன்காரரே, உள்ள ஏதோ ஆட்டம் குடுக்குதே! தடதடங்குது. லூசா கீது.

— அண்ணே! அண்ணே, கேட்டீங்களா? தடதடங்குதுன்னு சொல்றாரே! எனக்கே சரியா கேக்கலியே! யோவ், உனக்குக் கேட்டுதா? காது! காதுல கேட்டுதா?

— இன்னாடி காதைப் புடிச்சு இழுக்கற? காது இல்லடி. கை. இதோ, மோட்டார் மேல கையை வெச்சிகீறேன் பாரு. எங்க ஷாப்புல எந்த மிஷினையும் காதால பாக்க முடியாது, அந்த எரைச்சல்ல. எல்லாரும் கை வெச்சுத்தான் பாப்போம், தெரிதா? ஏய்... மூஞ்சிய அப்படி வெச்சுக்காத கனகம்.

— மூடி சரியா ஒக்காரல, அதான் ஆடுது. இதோ, அமுக்கிட்டேன். தங்கச்சி, கண்ணைத் தொடைங்க. கர்த்தரு பாத்துக்குவாரு.

— தூசிண்ணே. நீங்க அடுத்ததைக் காட்டுங்க.

— தட்டு போடறதா இருந்தா கல்லு அலசியாவணும். வண்டியில ஒரு சாக்கு கட்டியாந்துகீறேன், மண்ணும் சேறுமா கீது. அவரை அலசச் சொல்லலாமா? கோச்சுக்குவாரா?

— வேலை குடுத்தா கும்புடுவாரு. யோவ்! இந்தக் கல்லு. அலசணும். இப்படி, இப்படி.

— அவ்ளோதானே! குடு இங்க. கை மரத்துப் போயி கெடக்குது. பின்னால தொவைக்கற கல்லுகிட்ட கொட்டி நல்லா அரிசி களையறாப்ல களைஞ்சு எடுத்தாறேன். நீங்க பேசிக்கினு இருங்க மீன்காரரே!

— மூட்டைய ஒத்தக் கையில தூக்கிக்கினு போறாரே, சும்மா சொல்லக் கூடாது. சரி, தட்டு அப்புறம். காத்து மிஷினை மட்டும் இப்பப் போட்டுக் காட்டறேன். குழாய தண்ணிக்குள்ள வுட்டாச்சு. போடுங்க சுவிச்சை.

— ஐயையோ! இன்னாண்ணே இது, ஓரகடம் ரோட்டுல லோடு லாரி மேடு ஏறுறாப்ல உறுமுது!

— பெரிய தொட்டிக்குப் பெரிய மிஷின்தான் தங்கச்சி. கொப்புளம் எப்படி வருது பாருங்க, எவ்ளோ அழகு! மீனெல்லாம் கிட்ட வருது பாருங்க. ரெண்டு நாளு ஓடினா தண்ணி கண்ணாடியாட்டம் ஆயிடும். மீதி மீனு ஒண்ணுகூட சாவாது. நான் கேரண்டி, சொல்லிட்டேன்.

— சாவாதுன்னா சந்தோஷம்தான். ஆனா இந்த எரைச்சலு வேணாம். பக்கத்து வூட்டு ராஜம்மா வரைக்கும் கேக்கும்.

— ராஜம்மாவுக்கா பயப்படறீங்க? உங்க வூட்டுக்காரருக்கும் தொந்தரவு இல்ல. கோச்சுக்காதீங்க, கேக்கறேன். உங்க ரெண்டு பேரைத் தவிர வூட்ல யாரும் இல்ல. ஏன் சத்தத்தையே புடிச்சுக்கினு நிக்கறீங்க?

— அண்ணே... அன்னியிலேர்ந்து நான் ரேடியோ போடல. அவரு போடுன்னுதான் சொல்றாரு. மனசு வரல. அவருக்கு இல்லாதது எனக்கு மட்டும் எதுக்கு? கரண்டி கீழ விழுந்தாக்கூட ஒடனே அவரு மூஞ்சியைத்தான் பாப்பேன், திரும்பறாரான்னு. திரும்ப மாட்டாரு. வாசல்ல ஐஸ்காரன் மணி அடிப்பான், பாப்பேன். லாரி ஆரன் அடிக்கும், பாப்பேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப் போச்சு. இந்த மீனு வந்த பின்னாடிதான் கொஞ்சம் மூச்சு வுடறேன். மீனு பேசாது. அது முன்னால ஒக்காந்தா அவருக்கும் ஒண்ணும் கேக்காது, எனக்கும் ஒண்ணும் கேக்காது. ரெண்டு பேரும் ஒண்ணு. அங்கியும் ஒரு சத்தத்தை வெச்சுட்டா, மறுபடியும் நான் மட்டும் கேட்டுக்கினு கெடக்கணும்.

— இத்தினி வருஷமா மீன் தொட்டி விக்கறேன், இப்படி ஒருத்தரும் கேட்டது இல்ல. பொட்டியே வெச்சுக்கோங்க. கரண்ட்டு கொறைஞ்சா கையால ரெண்டு சொம்பு மொண்டு மேலேர்ந்து ஊத்துங்க, தாங்கும். பொட்டிக்கும் கேரண்டி, சொல்லிட்டேன். மனசு லேசாச்சா?

— ஆச்சுண்ணே. புண்ணியமாப் போவட்டும். ஆனா அவரு இந்நேரம் பாதிக் கல்லை அலசியிருப்பாரு. வேணாம்னு எப்படி சொல்றது?

— இங்கேர்ந்தே கூப்புடுங்களேன்... ஓ, மறந்துட்டேன்.

— நீங்க ஒண்ணு! நடுவுல சமையல்கட்டு வேற. முதுகைக் காட்டிக்கினு குந்தியிருப்பாரு, ரெண்டு கையும் சேத்துல இருக்கும். கிட்டப் போயி தோளைத் தட்டினாத்தான் திரும்புவாரு. இருங்க, முதல்ல இந்த லாரிய நிறுத்திட்டுப் போறேன். இந்தச் சுவிச்சுதானே?

— அதேதான். மேல தள்ளுங்க.

— அப்பாடா! இப்பத்தான் வூடு வூடா இருக்கு.

— ஏய் கனகம்! இங்க நான் இன்னும் கல்லு அலசிக்கினு கீறேன், அதை ஏண்டி நிறுத்தின? நல்லாத்தானே ஓடிக்கினு இருந்துது?